கூடம் இருந்த இடம்

அன்று காலை மேல மூன்றாம் வீதி மச்சுவீட்டின் கீழ்த்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: முதல் மாடித் தங்கமுத்து, அவர் மனைவி அழகம்மாள், இரண்டாம் மாடியில் பம்புசெட்டுக் கடைக்கார முத்துராமன், அதே மாடியில் வங்கியில் வேலை பார்க்கும் அருள்மணி, மூன்றாம் மாடி ஆரோக்கியமுத்து வாத்தியார், அவர் மகள் நர்ஸ் ஃபெமினா, வாட்ச்மேன் திருப்பதி, பந்தல் போட வந்து ஏணியின் மேல் நின்ற ராக்கன். வேறு யாரும் இல்லை. நானும் அங்கேதான் இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்களில் ஒருவரும் இல்லை.

வாத்தியாரின் தாயார் அந்தோணிமேரியும் கட்டடத்தில்தான் இருந்தார். மூன்றாம் மாடியில் தன் கட்டிலில், விடியும் நேரத்தில் உயிர் பிரிந்து, கையில் செபமாலை சுற்றியபடி படுத்திருந்தார்.

வாத்தியார் கேட்டது பெரிய விஷயமில்லை. சொந்த ஊரான ஆவூரில் அடக்கத்துக்கு ஏற்பாடாக மறுநாள் ஆகிவிடும். திருச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் ஆளைக் கிடத்தினால் கதவைத் திறக்க இடமிருக்காது. ஆகவே சாயங்காலம் வரைக்கும் அம்மாவைக் கீழே வைத்துக்கொள்ளட்டுமா, இருட்டுவதற்குள் ஊருக்குக் கொண்டு போய்விடுகிறேன் என்றார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் பிள்ளைகளைக் கைகட்டி நிற்கவைத்த மனிதர், அன்று தான் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

கேட்டது தங்கமுத்துவிடம். குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான்; தலைவராக இல்லாவிட்டாலும் அவரிடம்தான் கேட்டிருப்பார்கள். மண் அவருடையது. நுழைவாயிலில் ‘மச்சு வீடு’ என்று எழுதியிருக்கிறது. அந்த வீதியில் மாடி வைத்த வீடு அது ஒன்றுதான் என்றிருந்த காலத்தில் வந்த பெயர். இப்போது இரண்டு பக்கமும் நான்கு மாடிகள் எழும்பிவிட்டன. ஆனாலும் முகவரி கேட்டால் ஆட்டோக்காரர்கள் மச்சுவீட்டுக்கு எதிரில், மச்சுவீட்டுக்கு அடுத்து என்றுதான் சொல்கிறார்கள்.

மறுநாள் அவருடைய பேத்தி சரண்யாவுக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் அறந்தாங்கியிலிருந்து இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள். பந்தல் பாதி போட்டாகிவிட்டது. வாசலில் கட்டுவதற்கு வாழை மரம் வந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. பந்தக்கால் ஊன்றிய இடத்தில் பிணம் கிடத்துவது அவர்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. அவருடைய அப்பா காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு முதல் நாள் சித்தப்பா ஒருவர் இறந்தபோது, கல்யாணத்தைத்தான் தள்ளிவைத்தார்கள்.

அது தங்கமுத்துவுக்கு நினைவு வராமல் இல்லை. தள்ளிவைக்கலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் இறந்தவர் பங்காளி இல்லை, சம்பந்தி இல்லை. மூன்றாம் மாடியை விலைக்கு வாங்கி வந்தவரின் தாயார். அறந்தாங்கிக்காரர்களிடம் என்னவென்று சொல்வது? சரி, முடியாது என்று சொல்வதென்றால் அதை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டு விசேஷம் என்று சொன்னால், வாழை மரத்துக்கு இடம் இருந்தது, ஒரு கிழவியின் உடலுக்கு இடம் இல்லாமல் போனது என்று ஊர் பேசும். கிறிஸ்தவ வேதக்காரர் என்பதால் மறுத்துவிட்டார் என்று பேசினால் அது இன்னும் கேவலம். வாசலுக்கு வந்து கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன பேர் அந்த வீட்டுக்கு அதுவரைக்கும் கிடையாது. அந்தப் பேர் வரக்கூடாது. அவருடைய கவலை எல்லாம் அதுவாகத்தான் இருந்தது.

ஆகவே அவர் முதுகை நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“வாத்தியாரே, இதை ஒங்களுக்காகச் சொல்றேன்னு நெனைச்சிறக் கூடாது. எல்லாருக்குமாத்தான் சொல்றேன். இந்தக் கட்டடத்துல இனிமே யாரு போனாலும் கீழ கிடத்துறதில்லை. வெளியிலேர்ந்து உள்ள கொண்டாறதும் இல்லை. நேரா அவுக அவுக ஊருக்குக் கொண்டு போயிற வேண்டியது. மச்சுவீட்டுக்காரனா இருந்தாலும் இதேதான்.”

சொல்லி முடித்ததும் அவருக்கே அது நியாயமாகப் பட்டது. தனக்கும் சேர்த்துப் போட்ட கட்டுப்பாட்டை யார் குறை சொல்ல முடியும்? முத்துராமன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பிள்ளைகள் பயப்படுகிறார்கள், நல்ல முடிவு அய்யா என்று முணுமுணுத்தார். அருள்மணி தலையை ஆட்டினார். ஏணி மேலிருந்த ராக்கன் மட்டும் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தான்.

படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த அழகம்மாள் தன் கணவரைப் பார்க்கவில்லை. வாத்தியாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது தூணுக்கு அருகில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரிங்கய்யா” என்றார் வாத்தியார்.

அந்தக் கட்டடத்து லிஃப்டில் நான்கு பேர் நிற்கலாம், ஒருவர் படுக்க முடியாது. அந்தோணிமேரியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, வேட்டியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, வாத்தியாரும் திருப்பதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படி வழியாக இறக்கினார்கள். ஃபெமினா தலை சாயாமல் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டு வந்தாள். பாதிக் கட்டிய பந்தலுக்கு அடியில் அந்த நாற்காலி கடந்து போனது. கேட்டுக்கு வெளியே, வீதியில், ஐஸ் பெட்டி வைத்த வேன் நின்றது. ஏற்றினார்கள். போய்விட்டது.

மறுநாள் பரிசம் குறையில்லாமல் நடந்தது. குவைத்திலிருந்து வந்திருந்த மகன் உதயசூரியன் பந்தி விசாரித்தான். அறந்தாங்கிக்காரர்கள் வாயாரப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் போன பிறகு, வெற்றிலைத் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டே அழகம்மாள் கேட்டாள்.

“நேத்துச் சொன்னீங்களே. என்னையும் சேத்துத்தான் சொன்னீங்களா?”

தங்கமுத்து எழுந்து வாசல் கதவைச் சாத்தப் போனார். அவள் எதைக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

*

பழைய மச்சுவீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு கூடம் இருந்தது. சிவப்பும் பச்சையுமாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. நடுவில், வானம் தெரியும் முற்றத்தை ஒட்டி ஓர் இடம். தங்கமுத்துவின் தாத்தாவை அங்கேதான் கிடத்தினார்கள், அப்பாவையும் ஆத்தாவையும் அங்கேதான். அப்பா இறந்த அன்று கீழ ராஜ வீதிக் கடைகளில் பாதி அடைத்துவிட்டார்கள். கூடம் கொள்ளாமல் வீதிவரைக்கும் ஆட்கள் நின்றார்கள். ஒரு குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பது யாரைக் கிடத்தும்போது எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்பதில்தான் தெரியும் என்பது தங்கமுத்துவின் எண்ணம்.

அந்த வீட்டை இடிக்க அவருக்கு மனமில்லை. ஆனால் காரை பெயர்ந்து ஒவ்வொரு மழைக்கும் ஒரு மூலை ஒழுகியது. அடுத்த வீட்டில் போர் போட்டதும் கிணறு வற்றியது. பின்பக்கம் மூன்று மாடி எழும்பியதும் முற்றத்தில் வெயில் விழுவது நின்றுபோனது. ஊர் மாநகராட்சி ஆகும் என்ற பேச்சு வந்தபிறகு வீதியில் காலி மனையே இல்லை; பழைய வீடு எங்கே இருக்கிறது என்று ஆட்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு அலைந்தார்கள். விற்றுவிடுங்கள் என்று வந்தவர்களை எல்லாம் தங்கமுத்து காபி கொடுத்து அனுப்பிவிட்டார். மச்சுவீட்டை விற்றான் என்ற பேர் அவருக்கு வேண்டாம். கடைசியில் இன்ஜினியர் கோபிநாத் வந்தான். விற்க வேண்டாம், இடத்தைக் கொடுங்கள், ஆறு வீடு கட்டுகிறேன், மூன்று உங்களுக்கு, மூன்றை நான் விற்றுக்கொள்கிறேன் என்றான். பெயர் அதே பெயர், கதவு எண் அதே எண். தங்கமுத்து ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொள்ளாதவள் அழகம்மாள்தான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. வரைபடத்தை விரித்து வைத்திருந்த கோபிநாத்திடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இதுல ஆளைக் கிடத்துற எடம் எங்க இருக்கு தம்பி?”

கோபிநாத் திகைத்துப் போனான். பூஜை அறை எங்கே, துணி காயப்போடும் இடம் எங்கே என்று கேட்ட பெண்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான். பிறகு சமாளித்துக்கொண்டு, கீழே தூண்கள் மட்டும்தான் ஆத்தா, சுவரே கிடையாது, காரை எடுத்துவிட்டால் பூராவும் உங்கள் கூடம்தான் என்றான். அதைக் கேட்டுத் தங்கமுத்துவும் சிரித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்: “ஒன்னைய அங்கேர்ந்துதான் எடுப்பேன். எங்க ஆத்தாளைக் கிடத்துன அதே எடத்துலேர்ந்து. போதுமா?”

அவள் அதோடு விடவில்லை. இடிக்கும்போது அந்த இடத்துக் கற்களை மட்டும் பெயர்த்தெடுத்துக் கழுவி, சாக்கில் கட்டி, மகள் அமுதவல்லி வீட்டில் கொடுத்து வைத்தாள். கட்டடம் முடிந்து கீழே சிமெண்டு போடும் சமயத்தில் சாக்கைக் கொண்டுவந்து பிரித்தாள். முற்றம் இருந்த இடத்தைக் கால் அடியால் அளந்து, மூன்றாவது தூணுக்குத் தெற்கே, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு அந்தக் கற்களைப் பதிக்கச் செய்தாள். வீடு பார்க்க வந்தவர்கள் அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கார் நிறுத்தச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது அந்த இடம் ஆரோக்கியமுத்து வாத்தியாருக்கு விழுந்தது. அந்தக் கல் எதற்கு என்று யார் அவருக்குச் சொன்னார்களோ தெரியாது, அந்தோணிமேரியாகத்தான் இருக்கும். அன்றுமுதல் வாத்தியார் தன் காரைச் சற்றுச் சாய்த்து நிறுத்தினார். சக்கரம் ஒரு நாளும் அந்தக் கல்லின் மேல் ஏறியதில்லை.

அந்தோணிமேரியும் அழகம்மாளும் சேர்ந்ததுதான் அந்தக் கட்டடம் வந்த பிறகு கிடைத்த ஒரே நல்ல பலன் என்று சொல்ல வேண்டும். சாயங்காலமானால் இரண்டு பேரும் கீழே படியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் கையில் செபமாலை, ஒருவர் மடியில் முருங்கைக்கீரை. லிஃப்டில் ஏறும்போதெல்லாம் சவப்பெட்டிக்குள் போவது மாதிரி இருக்கிறது, சரி, இப்போதே பழகிக்கொள்கிறேன் என்பார் அந்தோணிமேரி. எனக்கு அந்தக் கவலை இல்லையக்கா, நான் முதல் மாடி, நடந்தே போய்ப் படுத்துக்கொள்வேன் என்பாள் அழகம்மாள். இரண்டு பேரும் அதற்குச் சிரிப்பார்கள். பேப்பர் படிக்க வந்து தங்கமுத்துவோடு உட்கார்ந்திருக்கும் வாத்தியார், அம்மா கொஞ்சம் மெதுவாகச் சிரி என்பார்.

அந்தச் சாயங்காலங்கள் எல்லாம் அந்த நாற்காலி கடந்து போனதோடு போயின.

*

வாத்தியார் முகம் கொடுக்காமல் இல்லை. எதிரே வந்தால் வணக்கம் சொன்னார். கிறிஸ்துமஸ் பலகாரம் தட்டில் மூடி வந்தது. பேப்பர் படிக்க மட்டும் வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு அழைத்தபோது தங்கமுத்து உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். அழகம்மாள் யாரிடமும் கேட்காமல் ஃபெமினாவோடு பஸ் ஏறி ஆவூருக்குப் போய்வந்தாள். வந்தவள், கோயில் எத்தனை பெரிது, உள்ளே எத்தனை குளிர்ச்சி என்று மட்டும் சொன்னாள். கல்லறையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தங்கமுத்து போட்ட கட்டுப்பாட்டை அருள்மணி அழகாகத் தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். குப்பை, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்குக் கீழே அதுவும் ஒரு விதி. அடுத்த கட்டடத்துக்காரர்கள் வந்து படித்துவிட்டுத் தாங்களும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். பிறகு எதிர் வீதியிலும். மச்சுவீட்டு ரூல் என்றே அதற்குப் பெயர் ஆனது. நாலு பேர் அதைச் சொல்லிப் பாராட்டியபோது தங்கமுத்துவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறைப்பானேன், இருந்தது.

ஆனால் பலகையைக் கடந்து போகும்போதெல்லாம் அழகம்மாள் கேட்ட கேள்வியும் கூடவே வந்தது. அதை மாற்றிவிடலாம் என்று அவர் நினைத்த நாட்கள் உண்டு. எப்படி மாற்றுவது? வாத்தியார் வீட்டுக்கு ஒரு நியாயம் சொல்லி, தன் வீட்டுக்கு என்று வரும்போது அழித்துவிட்டான் என்றல்லவா ஆகும்? அல்லது மாடி ஏறிப் போய், அன்றைக்கு நான் சொன்னது தப்பு வாத்தியாரே என்று சொல்ல வேண்டும். இரண்டு மாடிதான் ஏற வேண்டியிருந்தது. லிஃப்டும் இருந்தது.

ஐப்பசி மழையில் அழகம்மாளுக்குச் சளி கட்டி மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஃபெமினாவுக்கு அங்கேதான் வேலை. அவள் தன் வார்டு வேலை முடிந்ததும் வந்து அப்பத்தா அப்பத்தா என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒரு நாள் காலையில் அழகம்மாளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. தங்கமுத்துவைப் பார்த்து, வீட்டுக்குப் போவோமா என்றாள். போவோம், ரெண்டு நாள் பொறு என்றார் அவர். அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் போய்விட்டாள்.

சேதி தெரிந்து முதலில் வந்தவர்கள் முத்துராமனும் அருள்மணியும். அந்த ரூலை எல்லாம் நினைக்காதீர்கள் அய்யா, நாங்கள் பேசிவிட்டோம், ஆத்தாவை வீட்டுக்கே கொண்டுவாருங்கள் என்றார்கள். அவர்கள் பின்னால் வாத்தியார் நின்றார். சட்டை நனைந்திருந்தது, கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார்.

“அய்யா, காரை எடுத்து வெளிய விட்டுட்டேன். தரையைக் கழுவியாச்சு. அந்தக் கல்லையும் சோப்புப் போட்டுத் தேச்சு வச்சிருக்கேன். வர்றவுக ஒக்காரத் திருப்பதிய நாற்காலி எடுத்தாரச் சொல்லியிருக்கு. ஆத்தாவைக் கூட்டிட்டு வாங்க.”

அந்த இடத்தில் தங்கமுத்து வாத்தியாரின் கையைப் பிடித்திருக்கலாம். பிடித்து ஒரு பாட்டம் அழுதிருந்தால் யாரும் குறைத்து நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், தான் கொடுக்காததை இந்த மனிதர் தன் கையால் கழுவித் தனக்குக் கொடுக்கிறார் என்பது அவருக்குத் தாங்கவில்லை. அந்தோணிமேரியை நாற்காலியில் கட்டி இறக்கியது கண்ணுக்குள் நின்றது. தன் பெண்டாட்டியை மட்டும் அங்கே ராணி மாதிரிக் கிடத்துவதா? அது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டது. அது நியாய உணர்ச்சியா, இல்லை கழுத்து வளையாமையா என்று கேட்டால், இரண்டும் அவருக்குள் எப்போதும் ஒரே உடம்பாகத்தான் இருந்தன.

“சொன்னது சொன்னதுதான் வாத்தியாரே” என்றார்.

அமுதவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பா, ஆத்தா ஒங்ககிட்ட ஆயுசுக்கும் கேட்டது அந்த ஒண்ணைத்தான்” என்றாள். அவர் அதற்கும் அசையவில்லை. அரிமளத்தில் மகளின் வீடு இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தாயைக் கிடத்துவது வழக்கமில்லை. அரிமளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பங்காளி கருப்பன் இருந்தார். குலசாமி கும்பிடப் போனால் இறங்குகிற வீடு. அங்கே கொண்டு போவதென்று முடிவானது. ஃபெமினா அழகம்மாளின் தலையைச் சீவி, பொட்டு வைத்து, புடவையைச் சரி செய்து விட்டாள். அவளுடைய பாட்டியைத் தாங்கிய அதே கை.

வேன் புறப்படும்போது டிரைவர், பைபாஸில் போவோமா, ஊருக்குள் போவோமா என்று கேட்டார். ஊருக்குள் போ என்றார் தங்கமுத்து. மூன்றாம் வீதி வழியாகப் போகச் சொன்னார். வீட்டு வாசலையாவது அவள் கடந்து போகட்டும் என்று நினைத்தார்.

மழை விட்டிருந்தது. வீதிக்குள் திரும்பியதும் டிரைவர் தானாகவே வண்டியை மெதுவாக்கினார். மச்சுவீட்டின் கேட் இரண்டு பக்கமும் அகலத் திறந்து கிடந்தது. கீழ்த்தளத்தில் ஒரு கார் இல்லை, ஒரு பைக் இல்லை. எல்லாவற்றையும் வீதியில் வரிசையாக விட்டிருந்தார்கள். கழுவிய தரை பளபளத்தது. இந்த முடிவு தெரிந்த பிறகும் வேனுக்கு முன்னால் ஓடிவந்து, வாத்தியார் வெள்ளை வேட்டி கட்டி மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியில் சிவப்பும் பச்சையுமாக அந்தக் கற்கள். வெகுகாலம் சிமெண்டுத் தூசிக்கடியில் மங்கிக் கிடந்தவை, ஈரத்தில் புதுசு போல மின்னின. தங்கமுத்துவின் ஆத்தாளைக் கிடத்திய அன்று இருந்த அதே நிறம்.

பின்னால் உதயசூரியன் ஆத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு முடியவில்லை என்று கேட்டு முதல் நாளே கிளம்பியவன், அப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கி, வழியில் ஏறியிருந்தான். டிரைவர் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு தங்கமுத்துவின் முகத்தைப் பார்த்தார். ஒரு சொல் போதும். நிறுத்து என்று சொன்னால் போதும். மூன்று எழுத்தோ நாலு எழுத்தோ, அதற்கு மேல் இல்லை.

தங்கமுத்து முன்கண்ணாடி வழியாக நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் கேட்டைக் கடந்தது. பிறகு வேகம் எடுத்தது.

கருப்பன் வீட்டு வாசலில், ஆட்டுக் கொட்டகைக்கும் டிராக்டருக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டி அழகம்மாளைக் கிடத்தினார்கள். அந்த ஊரில் அவளைப் பேர் சொல்லித் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மேல மூன்றாம் வீதியிலிருந்து வர முடிந்தவர்கள் வந்தார்கள். மற்றவர்களுக்குத் தூரம்.

*

பேச்சு எப்படிக் கிளம்பியது என்று சொல்ல முடியாது. மச்சுவீட்டு ஆத்தாவை மச்சுவீட்டுக்குள் கொண்டுவரவில்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. ஏன் என்று ஊரே ஒரு காரணம் செய்துகொண்டது. தங்கமுத்து தானாக அப்படிச் செய்வார் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் மாடிக்காரன் பழைய கோபத்தை வைத்துக்கொண்டு வழியை மறித்துவிட்டான் என்றார்கள். டீக்கடையில் அதையே, கேட்டுக்குக் குறுக்கே காரைப் போட்டுவிட்டுச் சாவியோடு ஆவூருக்குப் போய்விட்டான் என்றார்கள். சொந்த மண்ணிலேயே இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு கதி என்று தங்கமுத்துவுக்காக இரக்கப்பட்டார்கள்.

அது அவர் காதுக்கும் வந்தது. சவரக்கடையில் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னார். தங்கமுத்து ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தபோது முதுகு கொஞ்சம் இலேசாக இருந்தது. கேட்டுக்குள் நுழைந்ததும், சாய்த்து நிறுத்தியிருந்த வாத்தியாரின் கார் கண்ணில் பட்டது. சக்கரம் இப்போதும் கல்லுக்கு ஒரு சாண் தள்ளித்தான் நின்றது. இலேசானது எல்லாம் திரும்பவும் வந்து ஏறிக்கொண்டது.

கருமாதிக்குக் கருப்பன் வீட்டு வாசலில் பங்காளிகளும் சம்பந்திகளும் கூடினார்கள். உதயசூரியனுக்கு மாமன் வீட்டார் தலையில் உருமால் கட்டி முடித்து, பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் வாத்தியாரும் ஃபெமினாவும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இலை போட வந்தவன் யோசித்துக்கொண்டு நின்றான். அதைக் கவனித்த கருப்பன், வேண்டுமென்றே குரலை உயர்த்தினார்.

“வாங்க வாங்க. அன்னைக்கு எங்க அண்ணியை உள்ள விடாம காரைப் போட்டு மறிச்சீங்க. இன்னைக்குச் சோத்துக்கு வழி விட்டாச்சா?”

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஃபெமினா எழுந்துவிட்டாள். வாத்தியார் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அன்றைக்கு மச்சுவீட்டில் நின்ற மாதிரியே, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. நடந்ததைத் தங்கமுத்துவே சொல்லட்டும் என்று காத்திருந்தாரோ என்னவோ.

தங்கமுத்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கையை ஊன்றி எழுந்தார். மகன் பிடிக்க வந்ததை ஒதுக்கிவிட்டு, எல்லோரையும் பார்த்து நின்றார்.

“கருப்பா, ஒனக்குச் சொன்னவன் யாரோ, பொய் சொல்லியிருக்கான். வாத்தியார் மறிக்கலை. காரை எடுத்து வீதியில விட்டாரு. தன் கையால தரையைக் கழுவுனாரு. கேட்டு ரெண்டு பக்கமும் தொறந்து கெடந்துச்சு. நான் பாத்தேன். வண்டியை நிறுத்தச் சொல்லாதவன் நான்தான்.”